எறக்கத்துல சார்ஜ் ஏறுமா? – கராஜ் பக்கம், வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடுதாசில பாதிக்கு மேல ஒரே கதைதான். பெற்றோல் வண்டிய வித்துட்டு டீசல் எடுக்கவா, இல்ல கரண்ட் காருக்கு போகவா. எனக்கு இதுல ஒரு எரிச்சல் இருக்கு. கொழும்பு ரோட்டுல, தட்டையான எடத்துல ஓட்டுறவன் சொன்ன கணக்க கேட்டுட்டு வந்து நம்மாளுங்க ஹட்டன்ல வண்டி எடுக்குறாங்க, அப்புறம் கினிகத்தேனை ஏத்தத்துல நின்னுக்கிட்டு எனக்கு கோல் எடுக்குறாங்க. அதனால இந்த தரம் வேற கேள்வி ஒன்னும் எடுக்கல, பக்கம் முழுக்க இதுதான்.

கேள்வி: பாஸ் அண்ணே, நான் தலவாக்கலைல இருக்கேன், நுவரெலியா ஸ்கூல் ஒன்னுக்கு தெனமும் போய் வாரேன். 2013 நிஸான் லீஃப் ஒன்னு வெலைக்கு வந்திருக்கு. விக்கிறவர் ஒரு சார்ஜுக்கு 150 கிலோமீட்டர் ஓடும்னு சொல்றார். மாசம் ஒரு தரம் அம்மாவ பாக்க கண்டிக்கும் போகணும். எடுக்கலாமா?
– ஒரு டீச்சர், தலவாக்கலை

பதில்: டீச்சர், நீங்க பிள்ளைகளுக்கு கணக்கு குடுக்குறவங்க, அதனால உங்களுக்கு நான் கணக்காவே சொல்றேன், பேப்பரும் பேனையும் எடுங்க.

லைட் பில்லுல வர்ற அதே யூனிட்தான் காருக்கும். அந்த மொதல் லீஃப்ல புதுசா இருக்கும்போது 24 யூனிட் பெட்டரி, அதுல நம்ம பாவிக்கக்கூடியது 21 சொச்சம். நம்ம ரோட்டு வேகத்துல, தட்டையான எடத்துல ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர்னு வச்சுக்கோங்க. இதுவரைக்கும் கொழும்புக்காரன் கணக்கு. நமக்கு இன்னொரு வரி இருக்கு, அதுதான் ஏத்தம். ஒன்றரை டன் காரை 1000 மீட்டர் ஒசரத்துக்கு தூக்கணும்னா அதுக்கு மட்டுமே 4 யூனிட் வேணும், மோட்டார்ல போற சேதாரத்தையும் சேத்தா நாலரை. இது எந்த கம்பெனி கார்னாலும் மாறாது, ஏன்னா இது பாரத்த மேல தூக்குற கணக்கு, ரோடு நேரா போனாலும் முடக்கு முடக்கா போனாலும் அதேதான்.

இப்ப உங்க கதை. தலவாக்கலை 1200 மீட்டர் கிட்ட, நுவரெலியா 1868. தெனமும் 670 மீட்டர் ஏறுறீங்க, அதுக்கு 3 யூனிட், 30 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு நாலு சொச்சம், ஆக போகும்போது ஏழு ஏழரை. வரும்போது எறக்கம், மோட்டாரே ஜெனரேட்டர் மாதிரி சுத்தி பெட்டரிக்கு கரண்ட் திருப்பி விடும், அதனால திரும்பி வர ஒன்னு ரெண்டு யூனிட் போதும். மொத்தம் 9. அப்ப ஸ்கூலுக்கு இந்த கார் தாராளம், பெட்டரி கொஞ்சம் கெழடா இருந்தாலும் தாராளம்.

கண்டிதான் பிரச்சினை. போறது சுகம், எறக்கம்தானே. திரும்பி வர்றத போடுங்க: கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை, ஹட்டன் வழியா 85 கிலோமீட்டர் கிட்ட வரும், அதுக்கு 12 யூனிட், கண்டி 500 மீட்டர்ல இருக்கு அங்கருந்து 700 மீட்டர் ஏறணும் அதுக்கு 3, ஆக 15க்கு மேல. பெட்டரி புதுசுன்னா வந்துடலாம். ஆனா இது 2013 வண்டி.

லீஃப் மீட்டர்ல வலது பக்கம் சின்ன சின்ன கட்டமா 12 பார் இருக்கும், அது சார்ஜ் இல்ல, பெட்டரியோட ஆயுசு. 9 பார்னா 70 வீதம் கிட்ட. அப்ப உங்க கைல இருக்குறதே 15 யூனிட். ஹட்டன் தாண்டுறதுக்குள்ள மீட்டர்ல ஆமை லைட் எரியும் (மெய்யாவே ஆமை படம்தான், ஜப்பான்காரனுக்கு நக்கல் ஜாஸ்தி), அது எரிஞ்சா கார் ஆமை மாதிரிதான் போகும். அதனால அம்மா வீட்லயே ராத்திரி பிளக்ல போட்டு 100க்கு ஏத்திக்கிட்டு, வழியில எங்க சார்ஜ் பண்ணலாம்னு முன்னாடியே பேசி வச்சுக்கிட்டுதான் கெளம்பணும். பழைய லீஃப்ல வேக சார்ஜ் ஓட்டை ஜப்பான்காரன் சாடெமோ டைப், இப்ப புதுசா வர்ற வண்டிங்க கூடுதலா சிசிஎஸ் 2 டைப், ஒன்னு இன்னொன்னுல சேராது, சார்ஜர் இருக்கான்னு மட்டும் கேக்காம எந்த பிளக்னு கேளுங்க.

இன்னொன்னு, இத கட்டாயம் செய்ங்க. பார மட்டும் பாத்து சல்லி குடுக்காதீங்க. என் மச்சினன் மகன் போன வருசம் கொழும்பு பக்கம் ஒருத்தர்கிட்ட 12 பார் லீஃப்னு எடுத்துட்டு வந்தான். வீட்டுக்கு வந்து மூனு வாரத்துல பார் ஒன்னொன்னா வுழுந்து 8ல வந்து நின்னுச்சு. பெட்டரிய கவனிக்கிற கம்ப்யூட்டர ரீசெட் பண்ணி வித்துருக்கானுங்க, கொஞ்ச நாளைக்கு எல்லா பாரும் காட்டும், அப்புறம் உண்மை வெளிய வரும். ஸ்டீரிங்குக்கு கீழ, கராஜ்ல கம்ப்யூட்டர மாட்டி வண்டிய செக் பண்ற ஓபிடி ஓட்டைல சின்ன சாமான் ஒன்ன சொருகி ஃபோன்ல லீஃப்ஸ்பைன்னு ஒரு ஆப் போட்டா பெட்டரி எத்தன வீதம்னு நம்பர்ல வரும், ரீசெட் பண்ணின பெட்டரில அந்த நம்பரே மொதல்ல பொய் சொல்லும், அதனால நம்பரையும் பாத்து, காரையும் ஃபுல் சார்ஜ்ல எடுத்து ஒரு ஏத்தத்துல 30 கிலோமீட்டர் ஓட்டி எத்தன வீதம் எறங்குதுன்னும் பாருங்க. ஓட்டிப் பாக்க விடலன்னா எழும்பி வந்துடுங்க.

ஒரு நல்ல செய்தியும் சொல்றேன். பெட்டரிக்கு எமன் சூடுதான், அந்த லீஃப்ல பெட்டரிய தண்ணி சுத்தி ஆத்துற ஏற்பாடு கெடையாது, அதனாலதான் அமெரிக்காவுல அரிசோனா பக்கம் வெயில்ல சீக்கிரமா பார் வுழுந்து 2012லயே பெரிய சண்டையாச்சு. நம்ம குளிர் அதுக்கு மருந்து. சனவரி ராத்திரில ஓட்டம் கொஞ்சம் கொறையும், ஆயுசு கூடும்.

கேள்வி: அண்ணே, நான் டீசல் வேன்ல ஹயர் ஓட்டுறேன். சீசன் டைம்ல சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணிக்கு, மத்த நாள்ல டவுன்ல இருந்து தோட்டங்களுக்கு. அடிக்கடி டிபிஎஃப் லைட் எரியுது. ஒரு பாஸ் அத வெட்டி எடுத்துட்டா பிரச்சினையே இல்லன்னு சொல்றார். இந்த தொல்லைக்கு பெற்றோல் ஹைப்ரிட்டுக்கு மாறிடவா?
– வேன் ட்ரைவர், ஹட்டன்

பதில்: தம்பி, அந்த லைட் எப்ப எரியுதுன்னு நல்லா யோசிச்சுப் பாருங்க. சிவனொளிபாதமலை சீசன்ல, மார்கழி பௌர்ணமில இருந்து வெசாக் வரைக்கும், நீங்க பதுளைல இருந்தும் கண்டில இருந்தும் ஆள் ஏத்திக்கிட்டு நீட்டு ஓட்டம் ஓடுவீங்க, அப்ப எரியாது. சீசன் முடிஞ்சு டவுன்ல இருந்து தோட்டத்துக்கு ஆறு கிலோமீட்டர், திரும்பி வந்து ஸ்டாண்ட்ல ஒரு மணித்தியாலம், ஆள் ஏறுற வரைக்கும் எஞ்சின் ஓடிக்கிட்டே நிக்கும், அப்பதான் எரியும். சரியா?

டிபிஎஃப்ங்கறது சைலன்சர் குழாய்ல இருக்குற ஒரு வடி. நம்ம டீ வடிக்கிற வடியில தூள் நிக்குற மாதிரி டீசல் கரி அதுல நிக்கும். அத யாரும் கழுவுறது இல்ல, வண்டியே 600 பாகை கிட்ட சூடாக்கி எரிச்சு சாம்பலாக்கிடும். ஆனா அந்த சூடு வரணும்னா எஞ்சின் ஒரு இருவது நிமிசமாவது நிக்காம பாரத்துல ஓடணும். ஆறு கிலோமீட்டர்ல எஞ்சின் சூடாகவே நேரம் பத்தாது, எரிக்க ஆரம்பிச்சது பாதில நிக்கும், எரியாத டீசல் ஒயிலோட கலக்கும், நீங்க ஒயில் ஸ்டிக்க இழுத்துப் பாத்தா அளவு கூடியிருக்கும், மோந்தா டீசல் வாசம் வரும். அது வந்துட்டா எஞ்சினுக்கு காத்த அமுக்கித் தள்ளுற டர்போவுக்கு கேடு. அப்ப என்ன செய்யலாம்னா, கெழமைக்கு ஒரு தரம் ஹட்டன்ல இருந்து கினிகத்தேனை வரைக்கும் எறங்கி ஏறி வாங்க, ஏறி வர்றதுதான் முக்கியம், சின்ன கியர்ல எஞ்சின கொஞ்சம் சுத்த விட்டு வாங்க. கந்தகம் கொறஞ்ச சுப்பர் டீசல இடைக்கிடை அடிங்க. ஸ்டாண்ட்ல எஞ்சின ஓஃப் பண்ணி வைங்க, அது உங்க சல்லிக்கும் நல்லது.

வெட்டி எடுக்குற கதைக்கு நான் வரமாட்டேன். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார ஸ்தாபனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012லயே மொதல் வகுப்புல போட்டுருச்சு, அதே வகுப்புலதான் சிகரெட்டும் இருக்கு. அந்த வடிய வெட்டினா அந்த கரி எங்க போகும்? பஸ் ஸ்டாண்ட்ல உங்களுக்குப் பின்னால நிக்குற பிள்ளைங்க மூக்குல. நீங்க தனியா வெட்டுறது சின்ன விசயம்னு நெனப்பீங்க, வோக்ஸ்வேகன் மாதிரி கம்பெனியே சோதனைல மட்டும் சுத்தமா காட்டி ரோட்டுல வேற மாதிரி ஓடுற சொஃப்ட்வேர போட்டு 2015ல மாட்டுச்சு, உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் கார். அதுக்கப்புறந்தான் ஐரோப்பால டீசல் காருக்கு மவுசு வுழ ஆரம்பிச்சுச்சு.

ஹைப்ரிட்டுக்கு (பெற்றோல் எஞ்சினும் கரண்ட் மோட்டாரும் சேந்த வண்டி) மாறவான்னா, பன்னெண்டு பேர ஏத்திக்கிட்டு மஸ்கெலியா ஏத்தம் ஏறுற வேலைக்கு இன்னைக்கும் டீசல்தான் தம்பி. ஒரு லீட்டர் டீசல்ல பெற்றோல விட பத்து வீதத்துக்கு மேல சக்தி கூட இருக்கு, எஞ்சினும் அதுல கூடுதலான பங்க எடுக்கும், கீழ சுத்துலயே இழுக்கும். நீங்க சீசன் வேலைய விட்டுட்டு டவுன் ஹயர் மட்டும்னு முடிவு பண்ணினா அது வேற கதை, அப்ப வேனே வேணாம், சின்ன ஹைப்ரிட் ஒன்னு போதும்.

கேள்வி: மாமா, கம்பளைல நல்லா பறக்குற எங்க பழைய பெற்றோல் கார் நுவரெலியா வந்தா ஏன் மூச்சு வாங்குது? டியூன் பண்ணணுமா?
– ஏ.எல். மாணவன், பூண்டுலோயா

பதில்: மகன், கார் மட்டுமா மூச்சு வாங்குது, கொழும்புல இருந்து வர்ற ஆளுங்களும்தான். நுவரெலியா ஒசரத்துல காத்தோட அமுக்கம் கடல் மட்டத்துல இருக்குறதுல 80 வீதம்தான். டர்போ இல்லாத எஞ்சின் இழுக்குற ஒவ்வொரு மூச்சுலயும் அஞ்சுல ஒரு பங்கு கிட்ட காத்து கொறவு, காத்து கொறஞ்சா எரிக்கக்கூடிய பெற்றோலும் கொறவு, சக்தியும் அந்தளவுக்கு வுழும். டியூன்ல சரி பண்ண ஏலாது. டர்போ உள்ள வண்டி காத்த அமுக்கி உள்ள தள்ளுறதால அந்த கொறைய முக்காவாசி நெரப்பிக்கும், இப்ப வர்ற டீசல் எல்லாத்துலயும் டர்போ இருக்குறதால இறம்பொடை ஏத்தத்துல டீசல் வேன் உங்கள முந்திட்டு போறதுக்கு இதுவும் ஒரு காரணம். கரண்ட் மோட்டாருக்கு காத்தே தேவையில்ல, அதுக்கு பேராதனையும் ஒன்னுதான் பட்டிப்பொளையும் ஒன்னுதான்.

நீ ஏ.எல். படிக்கிறதால இன்னும் ஒன்னு. பெற்றோல் எஞ்சின் காத்த ஒம்போதுல இருந்து பன்னெண்டு மடங்கு வரைக்கும் அமுக்கும், பிளக் பொறி குடுக்கும். டீசல்ல பிளக் பொறியே கெடையாது, வெறும் காத்த பதினஞ்சு இருவது மடங்கு அமுக்கினா அது 500 பாகைக்கு மேல சூடாகும், அதுல டீசல பீச்சினா தானா பத்திக்கும். ருடோல்ஃப் டீசல்ங்கற ஜெர்மன்காரர் 1897ல ஓக்ஸ்பேர்க்ல ஓட்டிக் காட்டினது இதத்தான். சைக்கிளுக்கு காத்தடிச்சதும் பம்போட அடிய தொட்டுப் பாரு, சூடா இருக்கும், அதே விசயம்.

கேள்வி: ஐயா, காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் ரெண்டும் எங்க வீட்டு வாசல்ல இருந்து தெரியுது. அந்த தண்ணில எடுக்குற கரண்ட்ல கொழும்புல கார் ஓடுது. எங்க லயத்துல பிளக் ஒன்னு வைக்க ஆயிரம் யோசனை. எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இந்த கரண்ட் வண்டில என்ன இருக்கு? தம்பி கரண்ட் ஸ்கூட்டர் ஒன்னு எடுக்கணும்னு நிக்கிறான்.
– ஒரு சகோதரி, நோர்வூட்

பதில்: தங்கச்சி, இந்த மாசம் வந்ததுல இந்த கேள்விதான் என்னைய ரெண்டு நாள் யோசிக்க வச்சுச்சு. லக்ஷபான மின்நிலையம் 1950ல இருந்து ஓடுது. மேல் கொத்மலை 2012ல வந்துச்சு, 150 மெகாவாட், அதுக்காக தலவாக்கலை டவுன்ல ஒரு பகுதி எடம் மாறுச்சு, சென் கிளேயர் அருவில தண்ணி மெலிஞ்சு போச்சு. மலை நம்மளுது, மழையும் நம்மளுது, வயர் மட்டும் தலைக்கு மேல போகுது. நான் பொறந்ததும் லயத்துலதான், பத்துக்கு பன்னெண்டு அடி காம்பரால ஒரு குண்டு பல்பு வந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கு.

சரி, தம்பிக்கு வருவோம். வாங்கலாம், ஆனா ரெண்டு விசயம் பாக்கணும். மொதலாவது மோட்டார். கடைல 1000 வாட்னு ஒன்ன காட்டுவாங்க, டவுன்ல நல்லா ஓடும். தம்பியும் பின்னால நீங்களும் ஏறினா வண்டியோட சேத்து 200 கிலோ, தோட்டத்து ரோடு பத்தடிக்கு ஒரு அடி ஏறுதுன்னா அந்த மோட்டார் மணிக்கு 13 கிலோமீட்டர்லதான் ஏறும். அதுவும் சக்கரத்துக்குள்ளயே இருக்குற மோட்டார்னா மெதுவா இழுத்து இழுத்து சூடாகி, பாதுகாப்புக்கு தானா நிக்கும், இல்லன்னா கருகும். 3000 வாட்டுக்கு கொறஞ்சத நம்ம ஏத்தத்துக்கு பாக்காதீங்க. கடைக்காரன்கிட்ட சொல்லி ரெண்டு பேரா ஏறி ஒரு மெய்யான ஏத்தத்துல ஓட்டிப் பாருங்க, கடை வாசல்ல ஒரு ரவுண்ட் அடிக்கிறது ஓட்டம் இல்ல.

ரெண்டாவது பெட்டரி. கழட்டி எடுக்கக்கூடிய பெட்டரி உள்ளதா பாருங்க, கைல தூக்கிட்டு போய் உள்ள சார்ஜ் போடலாம், ஒன்றரை ரெண்டு யூனிட்தான் குடிக்கும், கேத்தல் போடுற சாதாரண பிளக்கே தாங்கும். ஆனா லயத்து வயரிங் எந்த காலத்துதுன்னு பாஸ் ஒருத்தர வச்சு பாத்துட்டு போடுங்க. பக்கத்து காம்பராவுக்கு இழுத்த வயர்ல, எக்ஸ்டென்ஷன் கோட்ல, சத்தியமா போடாதீங்க. என் மேசைல ஒரு 13 அம்பியர் பிளக் கெடக்கு, ஒருத்தர் காருக்கு ராத்திரி பூரா எக்ஸ்டென்ஷன்ல சார்ஜ் போட்டது. மூனு காலுல ஒரு கால் கரிஞ்சு, வெள்ள பிளாஸ்டிக் உருகி சொக்லட் மாதிரி ஒழுகி, சொக்கட்டோட ஒரு துண்டையும் ஒட்டிக்கிட்டு வந்துருக்கு. கேத்தல் அஞ்சு நிமிசம் இழுக்குற கரண்ட கார் பத்து மணித்தியாலம் இழுக்கும், வித்தியாசம் அதுதான். படுக்குற எடத்துக்கு பக்கத்துல பெட்டரிய வைக்காதீங்க, மழைல நனஞ்சு வந்தா தொடச்சுட்டு போடுங்க.

கேள்வி: பழைய டீசல் ஜீப்புக்கு மண்ணெண்ண கலந்தா என்ன?
– பேர் வேணாம், பொகவந்தலாவை

பதில்: பேர் வேணாம்னு போட்டதுலயே பதில் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. டீசல் பம்புக்கு தனியா ஒயில் கெடையாது, அது டீசல்லதான் வழுக்கி ஓடுது. மண்ணெண்ண வறண்ட சாமான், பம்பும் இன்ஜெக்டரும் இரும்போட இரும்பு தேஞ்சு போகும். லீட்டருக்கு மிச்சம் பிடிக்கிற சல்லிய பம்ப் செய்யும்போது ஒரேடியா குடுப்பீங்க. கலந்து ஓட்டுறது சட்டத்துக்கும் பெழதான்.

கேள்வி: கரண்ட் கார் சுத்தம்னு சொல்றாங்க, ஆனா நுரைச்சோலைல நிலக்கரி எரிச்சுத்தானே கரண்ட் வருது? அப்ப புகை எடம் மாறுது, அவ்வளவுதானே?
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், பண்டாரவளை

பதில்: ஐயா, பாதி சரி. நிலக்கரில ஒரு யூனிட் எடுக்க ஒரு கிலோ கிட்ட காபனீரொட்சைட் போகுது. ஒரு கரண்ட் கார் நம்ம ரோட்டுல ஏத்த எறக்கம் எல்லாம் சேத்து கிலோமீட்டருக்கு 170 கிராம் வரைக்கும்னு போடலாம், அதுவும் முழுக்க முழுக்க நிலக்கரி கரண்ட்னா. பெற்றோல் ஒரு லீட்டர் எரிஞ்சா 2.3 கிலோ, டீசல் ஒரு லீட்டர் 2.7 கிலோ. நம்ம பக்கம் பெற்றோல் கார் லீட்டருக்கு 12 ஓடினா கிலோமீட்டருக்கு 190 கிராம். ஆக, ஆகக் கெட்ட கணக்குலயும் கரண்ட் கார் ஒரு பிடி கீழதான். ஆனா நம்ம நாட்டுல முழுக்க நிலக்கரி இல்லையே, தண்ணி இருக்கு, சோலர் இருக்கு, காத்தாடி இருக்கு, மழை நல்லா பேஞ்ச வருசம் பாதிக்கும் கீழ போயிடும். மழை பொய்ச்சா அந்த அளவுக்கு நல்லா வராது, அதையும் சொல்லணும். பெட்டரி செய்யறதுக்கும் புகை போகுது, லிதியம் தோண்டணும், சில பெட்டரிக்கு கொங்கோல இருந்து கோபால்ட் வேணும், அந்த கடன் அடையறதுக்கு கார் பல பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடணும். ஞாயித்துக்கெழம கோயிலுக்கு மட்டும் எடுக்குற காருக்கு இந்த கணக்கே வேணாம், பழசையே வச்சிருங்க.

கேள்வி: அப்பா 2022ல பெற்றோல் கியூவுல மூனு நாள் படுத்தவர். இனி பெற்றோல் வண்டியே வேணாம், கரண்ட் கார்தான்னு நிக்கிறார். கரண்ட் கட்டானா என்ன செய்றதுன்னு நான் கேட்டா கோவிக்கிறார். யார் சொல்றது சரி?
– மகள், கொட்டகலை

பதில்: அப்பாவோட கோவத்துல ஞாயம் இருக்கு மகள். 2022 ஆனி கடைசில ஒக்டேன் 92 பெற்றோல் லீட்டர் 470 ரூபா, டீசல் 460, அதுவும் இருந்தாத்தான். அப்புறம் கியூஆர் கோட் காட்டி எண்ணெய் அடிக்கிற முறை வந்து த்ரீவீலருக்கு கெழமைக்கு 5 லீட்டர்னு குடுத்தாங்க, ஹட்டன்ல இருந்து நுவரெலியாவுக்கு ஒரு ஹயர் போய் வந்தா முடிஞ்சுது. ஆனா அப்பா ஒன்ன மறந்துட்டார், அதே வருசம் பங்குனி கடைசில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்ல. வெளிநாட்டுல எண்ணெய் வாங்க டொலர் இல்லன்னா பெற்றோல், கரண்ட் ரெண்டும்தான் போகும். 2025 பெப்ரவரில பாணந்துறைல ஒரு கொரங்கு ட்ரான்ஸ்ஃபோமர்ல தாவி நாடு முழுக்க இருட்டாச்சே, கொரங்குக்கு டொலர் பிரச்சினையும் கெடையாது.

இருந்தாலும் கரண்ட் கட்ட வச்சு கரண்ட் கார தள்ளிவிட ஏலாது. கார் நம்ம வீட்டுல ஒரு கரண்ட் பெட்டி மாதிரி, நேத்து ராத்திரி ஏத்தினது நாளைக்கும் இருக்கும். ஷெட்டுல பெற்றோல் பம்பும் கரண்ட்லதான் ஓடுது, ஜெனரேட்டர் இல்லாத ஷெட் கரண்ட் போனா பூட்டிக்கிட்டுதான் நிக்கும். கரண்ட் பல நாளைக்கு சேந்தாப்ல போறதுதான் ஆபத்து. 2025 நவம்பர் கடைசில டித்வா புயல்ல நுவரெலியா, பதுளை பக்கமெல்லாம் மண்சரிஞ்சு ரோடும் போய், கரண்டும் போய், ஃபோனும் போய் பல நாள் கெடந்துச்சு. அந்த நேரம் ஒரு கேன்ல பெற்றோல தோள்ல வச்சு தூக்கிட்டு வரலாம், கரண்ட அப்படி தூக்கிட்டு வர ஏலாது. இத அப்பாகிட்ட சொல்லுங்க, கோவிக்க மாட்டார்.

கூரைல சோலர் போட எடம் இருக்கா, வீட்டுல ரெண்டாவதா பைக்கோ த்ரீவீலரோ இருக்கா? இருந்தா அப்பா சொல்றபடி கரண்ட் கார் எடுங்க. கரண்ட் போனாலும் சோலர் தானா வீட்டுக்கு கரண்ட் குடுக்கும்னு மட்டும் நெனக்காதீங்க, பெட்டரி இல்லாத சாதாரண சோலர் லைன் கரண்ட் போனா அதுவும் நின்னுடும். வீட்டுக்கு ஒரே வண்டிதான், அதுலதான் ஆஸ்பத்திரிக்கும் போகணும்னா நான் ஹைப்ரிட் பக்கம். ராத்திரி பத்தரைல இருந்து காலைல அஞ்சரை வரைக்கும் கரண்ட் வெல கொறஞ்ச மீட்டர் இருக்கு, டைம் ஒஃப் யூஸ்னு கேட்டு எழுதி குடுக்கணும், அந்த ஏழு மணித்தியாலத்துல சாதாரண பிளக்லயே 16 யூனிட் ஏத்தலாம். ஆனா அந்த மீட்டர்ல பின்னேரம் ஆறரைல இருந்து பத்தரை வரைக்கும் வெல கூட, அம்மா சமைக்கிற நேரம் அதுதான், ரெண்டையும் கூட்டிப் பாத்துட்டு மாறுங்க.

கேள்வி: டீசல் காருக்கு ஷெட்டுல தவறி பெற்றோல் அடிச்சுட்டாங்க. 8 லீட்டர். ஓட்டி எரிச்சுடலாமா?
– வாசகர், வெலிமடை

பதில்: வேணாம். சாவிய ஓன் பண்ணவே வேணாம், சில வண்டில ஓன் பண்ணினதும் டாங்கி பம்ப் ஓட ஆரம்பிச்சுடும். நியூட்ரல்ல தள்ளி ஓரமா வச்சு, டாங்கிய முழுசா வடிச்சு, ஃபில்டர மாத்தி, புது டீசல் ஊத்துங்க. அப்படியே ஓட்டிட்டு கராஜுக்கு வந்தவங்களுக்கு நான் சொன்ன தொகைய கேட்டு அங்கயே குந்தினவங்க இருக்காங்க.

கேள்வி: அப்புத்தளைல இருந்து பெரகல வழியா வெல்லவாயைக்கு எறங்கும்போது சார்ஜ் ஏறும்னு சொன்னாங்க, என் புது கரண்ட் கார்ல ஒன்னுமே ஏறல, பிரேக்கும் வழக்கத்த விட அழுத்த வேண்டியிருந்துச்சு. கார்ல பிழையா?
– கடைக்காரர், அப்புத்தளை

பதில்: முதலாளி, காலைல கெளம்பும்போது சார்ஜ் எத்தன இருந்துச்சு? நீங்க எழுதல, ஆனா 100னு நான் பந்தயம் கட்டுறேன். நெறஞ்ச கொடத்துல தண்ணி ஊத்தினா எங்க நிக்கும். பெட்டரி முழுசா நெறஞ்சிருந்தா மோட்டார் திருப்பி அனுப்புற கரண்ட ஏத்துக்காது, அந்த இழுவை பிரேக் கெடைக்காது, எல்லா பாரமும் சக்கரத்து பிரேக்குக்கு போகும். ஆயிரம் மீட்டருக்கு மேல எறங்குற ரோடு அது, பிரேக் சூடாகி நாத்தம் வந்தா வெளயாட்டு இல்ல. மேல இருக்குறவங்க ராத்திரி 80, 85ல நிப்பாட்டுங்க. எறங்கி முடியும்போது அது தானா கொஞ்சம் கூடியிருக்கும், சல்லியும் மிச்சம்.

ஹைப்ரிட் வச்சிருக்குறவங்களுக்கும் இதுதான், இன்னும் மோசம். பிரியஸ், அக்வா மாதிரி வண்டில பெட்டரி ஒரு யூனிட் கிட்டதான், நாலு முடக்குலயே நெறஞ்சிடும். கியர்ல B-ன்னு ஒன்னு இருக்குதே, நெறைய பேர் அத P, பார்க்கிங்னு நெனச்சு தொடுறதே இல்ல, எறக்கத்துக்குத்தான் அது, போட்டீங்கன்னா எஞ்சின சும்மா சுத்த வச்சு வேகத்த பிடிக்கும், சத்தம் கூடும், பயப்படாதீங்க. டீசல்காரர்களுக்கு எங்கப்பா காலத்து கொழுந்து லொறி ட்ரைவர்மார் சொன்னதுதான்: ஏறின கியர்லயே எறங்கு.

கேள்வி: கரண்ட் கார் சத்தமே இல்லாம வருது. பனி மூட்டத்துல ரோட்டோரம் நடக்குற கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க எங்களுக்கு எப்படி தெரியும்?
– தோட்டத் தொழிலாளி, இராகலை

பதில்: அக்கா, இத யாரும் கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன். ஐரோப்பால 2019ல இருந்து புது மாடல் கரண்ட் காருங்க மெதுவா போகும்போது, மணிக்கு 20 கிலோமீட்டர் வரைக்கும், தானா ஒரு சத்தம் போட்டே ஆகணும்னு சட்டம். இப்ப வர்ற புது காருங்க கனக்க அந்த சத்தத்தோடதான் வருது. பழசுல சில ட்ரைவர்மார் அந்த சத்தத்த ஓஃப் பண்ணிட்டு ஓட்டுறாங்க, பட்டன் இருந்தா பண்ணிடுவாங்களே. இத வாசிக்கிற ட்ரைவர்மாருக்கு சொல்றேன், பனியில லைட்ட போடுங்க, முடக்குக்கு முடக்கு ஹோர்ன் அடிங்க. அக்கா, நீங்க கூடைய முதுகுல போட்டுக்கிட்டு நடக்கும்போது வண்டி எதிர்ல வர்ற பக்கமா, வலது ஓரமா நடங்க, சத்தம் கேக்காட்டியும் கண்ணுல படும்.